தூக்கணாங்குருவியும் பனைமரமும்

(ஊராட்சிப் பெருமக்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வளர்ச்சி அலுவலர் பேச வந்தால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றியே பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நாள்தோறும் காணும் இரண்டு உயிர்களைப் பற்றி எண்ணிப் பார்க்க விழைகின்றோம். ஒன்று தூக்கணாங்குருவி; மற்றொன்று, அக்குருவி தன் கூட்டைத் தொங்கவிடும் பனைமரம். குருவி எங்கும் மலிந்து காணப்படுவது. பனையோ ஊர்தோறும் அருகி வருவது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்புநோக்கினால், ஊராட்சிகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும். ஏரிக்கரையில் நிற்கும் பழைய பனைகளை வெட்டி விற்று ஊராட்சிக்கு வருவாய் தேடலாமா என்பதே அக்கேள்வி.

பழைய உறவு

இவ்விரண்டிற்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. சங்க நூலாகிய குறுந்தொகையில் 374-ஆம் பாடல் நம் உறையூரைச் சேர்ந்த பல்காயனார் என்னும் புலவர் இயற்றியது. உயர்ந்த கரிய பனையிலே தூக்கணாங்குருவி பின்னிய கூடு அப்பாடலில் உவமையாக வருகின்றது. ஒரு காதற் செய்தி கேட்டு ஊரார் அடைந்த மயக்கம், அக்கூட்டின் பின்னலைவிடச் சிக்கலானது என்பது பாட்டின் கருத்து. உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் ஒரு பகுதி. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வூர்ப் புலவர் ஒருவர் பனையையும் குருவியையும் ஒருங்கே கண்டு பாடினார் என்றால், அக்காட்சி அன்றைய மக்களுக்கு எவ்வளவு பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும்! இன்றும் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலோ, உய்யக்கொண்டான் வாய்க்காலின் ஓரத்திலோ நடந்து செல்பவர் நின்று நோக்கினால், அதே கூட்டைக் காணக்கூடும். பனைதான் முன்போல் கண்ணிற் படுவதில்லை.

குருவியின் கணக்கு

முதலில் குருவியைப் பார்ப்போம். ஆண்டின் பெரும்பகுதியில் தூக்கணாங்குருவியை ஊர்க்குருவியினின்று பிரித்தறிவதே கடினம். மழையும் நெற்பயிரும் சேர்ந்து வரும் பருவத்தில் ஆண் குருவியின் தலையும் மார்பும் மஞ்சள் நிறம் கொள்ளும். அப்போது அது வேலையில் இறங்கும். நெற்பயிரின் இலையிலோ, நாணற் புல்லிலோ, பனை தென்னை ஓலையிலோ அலகால் ஒரு வெட்டுப் போட்டு, நுனியைக் கவ்வியபடி பறந்தால், நீண்ட நார் ஒன்று கிழிந்து வரும். அவ்வாறு நூற்றுக்கணக்கான நார்களைக் கொண்டுவந்து முடிச்சிட்டும் பின்னியும் கூட்டை அமைக்கின்றது.

கூடு பாதி முடிந்து, கவிழ்த்த தொப்பி போல் தொங்கும் நிலையில், ஆண் குருவி சிறகடித்து ஓயாது ஒலி எழுப்பிப் பெண் குருவிகளை அழைக்கும். கூடும் கூடு கட்டப்பட்ட இடமும் மனத்திற்குப் பிடித்தால் பெண் குருவி அங்கே குடியேறும். பிறகே ஆண் குருவி எஞ்சிய பகுதியை முடித்துக் குழல் போன்ற நுழைவாயிலையும் நீட்டும். பெண்ணால் ஏற்கப்படாத கூடு கைவிடப்படும். வேறொரு கூடு தொடங்கப்படும். ஏற்கப்பட்ட பின்னரும் ஆண் குருவி ஓய்ந்திருப்பதில்லை. இன்னொரு கூடு கட்டி மற்றொரு பெண்ணை அழைக்கும். இந்த வழக்கத்தைப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1930-களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து எழுதினார்.

ஒரு கூட்டில் இரண்டு முதல் நான்கு முட்டைகள் இருக்கும். இரண்டு வாரத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் குஞ்சு பொரிக்கும். மேலும் இரண்டரை வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். ஆகவே ஒரு புயலில் நூறு கூடுகள் அறுந்து வீழ்ந்தாலும், அடுத்த மாதமே கூடு கட்டும் வேலை மீண்டும் நடைபெறும். இரையும் இடமும் இருக்குமாயின் குருவிக் கூட்டம் தன் இழப்பை ஓரிரு பருவங்களில் ஈடு செய்துகொள்ளும். இதுவே குருவியின் கணக்கு.

பனையின் கணக்கு

இனிப் பனையின் கணக்கைப் பார்ப்போம். பனங்கொட்டை மண்ணில் விழுந்தால் உடனே மேலே தளிர் விடுவதில்லை. முதலில் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கு வைக்கும். தைப் பொங்கலுக்கு நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு அதுவே. பின்னர்தான் இலை வெளிவரும். பல ஆண்டுகள் தண்டு தோன்றாமல், தரையோடு ஓலை விரித்த வடலியாகவே நிற்கும். அதன் பின்னரே மெல்ல உயரும். விதைத்த நாளிலிருந்து பாளை விடுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். பாளை விட்ட பின்னரே அது ஆண் பனையா, பெண் பனையா என்பது தெரியவரும். நுங்கும் பழமும் விதையும் தருவது பெண் பனை மட்டுமே. ஆயினும் ஆண் பனையின் மகரந்தம் இன்றிப் பெண் பனையில் விதை இல்லை.

மற்றொன்றையும் நாம் கருத வேண்டும். வேம்பையோ புளியையோ வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பதுண்டு. பனைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதற்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அந்தக் குருத்துப் போனால் மரமே போயிற்று. அடியோடு வெட்டிய பனை மறுபடியும் தழைப்பதில்லை. ஆகவே இன்று ஓர் ஏரிக்கரையில் ஐம்பது பனைகளை வெட்டி, மறுநாளே ஐம்பது கொட்டைகளைப் புதைத்தாலும், அக்கரை முன்னைய நிலையை அடைய ஒரு தலைமுறை வேண்டும். இன்று பள்ளி செல்லும் சிறுவன் தந்தையாகும் காலத்தில்தான் அதன் முதல் நுங்கு கிடைக்கும்.

நம் திருவரங்கத்துத் தெற்கு இராஜகோபுரத்தை எல்லோரும் அறிவீர்கள். அடிப்பகுதி மட்டும் கட்டப்பட்டு, மொட்டைக் கோபுரமாகப் பல நூற்றாண்டுகள் நின்ற அது, 1987-இல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரத்தில் நிறைவெய்தியது. அடிக்கல் இட்டவர் கலசத்தைக் காணவில்லை. குருவி கட்டும் கூடு ஒரு பருவத்து வேலை. பனை வளர்ப்பதோ கோபுரம் எழுப்புவது போன்ற தலைமுறை வேலை. ஒன்றிற்குரிய அளவுகோலால் மற்றொன்றை அளக்கலாகாது.

உழவர் மொழியில் கூறுவதாயின், குருவி நம் ஊரின் ஆண்டு வரும்படி. பனை நம் ஊரின் கைமுதல். வரும்படி ஓராண்டு குறைந்தால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். கைமுதலைச் செலவழித்தவன் மீள்வது எளிதன்று.

மலிந்தது என்றும் மலிந்திருக்குமா?

அவ்வாறாயின் குருவியைப் பற்றிக் கவலை வேண்டா, பனையை மட்டும் காத்தால் போதும் என்று சிலர் எண்ணலாம். அதுவும் முழு உண்மையாகாது. வட அமெரிக்காவிலே வழிப்போக்குப் புறா என்னும் பறவை கோடிக்கணக்கில், சூரியனை மறைக்கும் கூட்டங்களாகப் பறந்தது. அதனை வேட்டையாடியும் அதன் காடுகளை அழித்தும் வந்ததன் விளைவாக, கடைசிப் பறவை 1914 செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் நாட்டில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு ஒரு காலத்தில் ஊர்தோறும் காணப்பட்டது. மாடுகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியாக அக்கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதிற்கும் மேலாக அழிந்தன. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது.

மரங்களிலும் இத்தகைய பாடம் உண்டு. வங்க நாட்டில், கூந்தற்பனைக்கு உறவான ஒரு பனையினம் இருந்தது. தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்து மடிவது அதன் இயல்பு. 1979-இல் சாந்திநிகேதன் அருகே இயற்கையாக வளர்ந்திருந்த அவ்வினத்து மரம் ஒன்று பூத்தபோது, அதன் விசித்திரமான பூங்கொத்தைக் கண்டு பேய் மரம் என்று அஞ்சிய ஊரார், விதை முற்றுமுன்பே அதனை வெட்டிவிட்டனர். அதன் பின்னர் அவ்வினம் இயற்கையில் அற்றுப்போனதாகக் கொள்ளப்பட்டது. பேணி வளர்க்கப்பட்ட மரங்களின் வழியாகவே அது எஞ்சியுள்ளது. ஓர் ஊரார் ஒரு நாள் எடுத்த முடிவு ஓர் இனத்தையே தொட்டுவிட்டது.

நம் பனை அந்நிலைக்கு வந்துவிடவில்லை. இந்தியாவிலுள்ள பனைகளுள் பாதிக்கு மேல் தமிழகத்தில்தான் உள்ளன. 1978 முதல் பனையே நம் மாநில மரம். ஆயினும் செங்கற் சூளைக்கு விறகாகவும், வீட்டுமனைப் பிரிவுக்காகவும், சாலை அகலப்படுத்துவதற்காகவும் அது வெட்டப்பட்டு வருவதை நாம் அனைவரும் கண்டு வருகின்றோம். பனையேறும் தொழிலாளரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். ஓலைக் குடிசையும் ஓலைப் பெட்டியும் மறைந்தமையால், பயன் தராத மரம் என்னும் எண்ணமும் பரவிவிட்டது.

பனை குறைந்தால் குருவிக்கு என்ன நேரும்? தூக்கணாங்குருவி ஓரளவு சமாளித்துக்கொள்ளும். தென்னையிலும், முள்மரத்திலும், கிணற்றுக்குள் தொங்கும் கிளையிலும், சில இடங்களில் மின்கம்பியிலும்கூடக் கூடு கட்டும். ஆயினும் உயர்ந்த பனையின் ஓலை நுனியில் தொங்கும் கூட்டைப் பாம்பும் பூனையும் எளிதில் அணுக முடியாது. தாழ்ந்த மரத்தில் அந்தக் காவல் இல்லை. பனை உழவாரன் என்னும் சிறு பறவையோ பனையோலையின் அடிப்புறத்திலேயே தன் எச்சிலால் கூட்டை ஒட்டி வாழ்வது. பனையை விட்டால் அதற்குப் போக்கிடம் அரிது. ஆகவே அருகிவரும் மரத்தைக் காப்பதே மலிந்த பறவை என்றும் மலிந்திருப்பதற்கு வழியாகும்.

உழவர் கேட்கும் கேள்விகள்

நியாயமான இரண்டு கேள்விகளுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். முதலாவது: “தூக்கணாங்குருவி நெல்லைத் தின்கிறதே, அதனை நாம் ஏன் காக்க வேண்டும்?” கதிர் முற்றும் பருவத்தில் அது நெல்மணியைத் தின்பது உண்மைதான். ஆனால் தன் குஞ்சுகளுக்கு அது பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்து ஊட்டுகிறது. குஞ்சு வளர்க்கும் காலமும் நம் பயிர் பசுமையாக நிற்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றே. கதிர் முற்றும் அந்தச் சில வாரங்களில் தகரம் தட்டியும், பளபளக்கும் நாடா கட்டியும் ஓட்டுதல் போதுமானது. நஞ்சு வைப்பதும் கூட்டைக் கொளுத்துவதும் வேண்டா. காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கும் மாறானவை.

இரண்டாவது கேள்வி: “பனையால் இன்று எங்களுக்கு என்ன வருவாய்?” இதற்கு நேரான விடை வேண்டும். சூளைக்கு விற்ற பனை ஒருமுறை பணம் தரும். அத்தோடு கணக்கு முடிந்தது. நிற்கும் பனையோ கோடைதோறும் நுங்கு, ஆடி ஆவணியில் பழம், தையில் கிழங்கு, ஆண்டுதோறும் ஓலையும் மட்டையும் நாரும் தரும். உரிமம் பெற்று இறக்கினால் பதநீரும், அதிலிருந்து கருப்பட்டியும் பனங்கற்கண்டும் கிடைக்கும். இவற்றிற்கு நகர்ச் சந்தையில் இன்று நல்ல விலை உண்டென்பதைத் திருச்சி நகரத்துக் கோடைக்கால நுங்குக் கடைகளே காட்டும். ஏறுவதற்கு ஆள் இல்லை என்பதே இடர்ப்பாடு. அதற்கு மரமேறும் கருவியும் பயிற்சியும் வழி காட்டக்கூடும்.

பணக் கணக்கில் சேராத வருவாய் ஒன்றும் உண்டு. பனையின் சல்லிவேர்கள் அடர்ந்து பரவி ஏரிக்கரையின் மண்ணை இறுகப் பிடிக்கின்றன. வெள்ளக் காலத்தில் கரை உடைந்தால் ஆயக்கட்டு முழுவதும் மணல் மூடும் என்பதை உழவருக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் டெல்டாப் பகுதியில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்து கிடக்க, இடையிடையே பனைகள் நிமிர்ந்து நின்ற காட்சியைப் பலரும் கண்டனர். மணப்பாறை, மருங்காபுரி, வையம்பட்டிப் பகுதிகளைப் போன்ற வானம் பார்த்த பூமியில், நீர் ஊற்றாமலே வளர்ந்து பயன் தரும் மரங்களுள் பனைக்கு நிகரானவை சிலவே.

செய்ய வேண்டுவன

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தனது முதலாவது வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. முப்பது மாவட்டங்களில் 76 இலட்சம் பனை விதைகளையும் ஓர் இலட்சம் பனங்கன்றுகளையும் முழு மானியத்தில் வழங்குவதென்றும், பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் கட்டாயம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. இது மிகவும் வரவேற்கத்தக்கது. எனினும் ஆட்சியர் அலுவலகம் ஒவ்வோர் ஏரிக்கரையிலும் காவல் நிற்க இயலாது. இரவோடு இரவாக வெட்டப்படும் மரத்தை முதலில் அறிபவர் அவ்வூராரே. மேலும், விதைத்த கொட்டைகளின் தொகை வேறு. நிலைத்த மரங்களின் தொகை வேறு. ஆயிரம் விதை ஊன்றினோம் என்று புகைப்படம் எடுத்துக்கொள்வதைவிட, மூன்றாம் ஆண்டில் எத்தனை வடலிகள் உயிரோடு நிற்கின்றன என்று எண்ணுவதே உண்மையான கணக்கு. ஆகவே ஒவ்வோர் ஊரும் கீழ்க்காணும் பணிகளை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

முதலாவதாக, பனைப் பதிவேடு ஒன்று தொடங்குக. ஏரி, குளம், வாய்க்கால், சாலையோரம், இடுகாடு என இடவாரியாக, பெண் பனை எத்தனை, ஆண் பனை எத்தனை, வடலி எத்தனை என்று எழுதுக. பள்ளி மாணவரை ஆசிரியருடன் அனுப்பினால் சில நாட்களில் முடியும் வேலை இது. எண்ணாத பொருள் களவு போனாலும் தெரியாது.

இரண்டாவதாக, பொது நிலத்திலுள்ள பனையை விறகுக்காக ஏலம் விடுவதில்லை என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுக. உயிருக்கு ஆபத்தாகச் சாய்ந்து நிற்கும் மரம், பட்டுப்போன மரம் ஆகியவற்றிற்கும் முறைப்படி ஒப்புதல் பெற்றே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆண் பனை காய்க்காது என்று அதனை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டுவதும் தவறு. காரணத்தை முன்னரே கூறினோம்.

மூன்றாவதாக, ஆவணி, புரட்டாசியில் உதிரும் பழங்களைத் திரட்டி, கொட்டைகளை நிழலில் வைத்திருந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊன்றுக. ஓர் அடி ஆழக் குழியும், குழிக்குக் குழி பத்தடி இடைவெளியும் போதும். பனைக்கு நிலத்தில் நேராக விதைப்பதே சிறந்தது. கிழங்கு ஆழ இறங்குவதால் பிடுங்கி நட்டால் எளிதில் பிழைக்காது. கிழங்கிற்காக ஊன்றும் பாத்தியை வேறாக அமைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஊன்றியதைத் தோண்டலாகாது. முதற் சில ஆண்டுகள் வடலிகளை ஆடு மாடுகளினின்றும் தீயினின்றும் காக்க வேண்டும். ஏரி தூர்வாரும் இயந்திரம் கரையேறும் நாளில் ஊரார் ஒருவர் உடனிருந்து வடலிகளைக் காட்டுவது நலம்.

நான்காவதாக, ஓலை வெட்டுவோர் குருத்தோடு ஒட்டிய இளம் ஓலைகளை விட்டுவிட வேண்டும். கூடு தொங்கும் ஓலைகளைக் குஞ்சுகள் பறந்துபோகும் வரை தொடாதிருக்கட்டும். ஓரிரு மாதப் பொறுமையால் ஒருவருக்கும் இழப்பு இல்லை. பழைய கூடுகளையும் குப்பை என்று தள்ளிவிட வேண்டா. சில்லை முதலிய சிறு பறவைகள் அவற்றில் குடியிருப்பதுண்டு.

பெருமக்களே! ஊராட்சியின் பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பதில் நாம் பல சமயம் கருத்து வேறுபடலாம். சாலை பழுதானால் மறு ஆண்டு செப்பனிடலாம். விளக்கு அணைந்தால் மறுநாள் மாற்றலாம். வெட்டிய பனையை மட்டும் அடுத்த தேர்தலுக்குள்ளோ, அதற்கடுத்த தேர்தலுக்குள்ளோ திரும்பக் கொணர எவராலும் இயலாது. மீட்க இயலும் இழப்பு எது, மீட்க இயலாத இழப்பு எது என்று பிரித்தறிந்து, பின்னதை முதலில் தடுப்பதே நல்ல ஊராட்சியின் இலக்கணம்.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் பனைப் பதிவேட்டைப் பொருள் நிரலில் சேர்க்குமாறு ஒவ்வோர் ஊரையும் கேட்டுக்கொள்கின்றோம். பதிவேடு எழுதுவதற்கான படிவத்தை எங்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். விதை ஊன்றும் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேளாண்மைத் துறை அலுவலர்களும் நாங்களும் நேரில் வந்து துணை நிற்போம்.